இளஞ்சிவப்பு கிரானைட் என்றால் அடியில் செம்பு இருக்குமா?

கேள்வி: எங்கள் நிலத்தில் இளஞ்சிவப்பு கிரானைட் இருக்கிறது. ஆய்வுக்கூட அறிக்கையில் ஃபெரிக் ஆக்சைடு 3.2 சதவீதம். "ஆக்சிஜன் ஏறிய மாக்மா (உருகிய பாறைக்குழம்பு), அடியில் செம்பு நிச்சயம்" என்று சொல்லி, துளையிட முன்பணம் கேட்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கல்லின் நிறம், அந்த 3.2 என்ற எண் இரண்டுமே ஆதாரமாகச் செல்லாது.

கிரானைட்டின் முக்கியக் கனிமமான ஃபெல்ட்ஸ்பாரின் இளஞ்சிவப்பு, அதற்குள் இருக்கும் மிக நுண்ணிய ஹேமடைட் (செந்நிற இரும்பு ஆக்சைடு) தூசியால் வருவது. பெரும்பாலும் பாறை இறுகிய பிறகு வெந்நீர் ஊடுருவியதால் உண்டாகும். மாக்மா எந்த நிலையில் இருந்தது என்று அந்த நிறம் சொல்லாது.

அடுத்து அந்த 3.2. வழக்கமான எக்ஸ்-கதிர் கருவிக்கு ஃபெரஸ் (ஆக்சிஜன் குறைவாகச் சேர்ந்த இரும்பு), ஃபெரிக் (ஆக்சிஜன் கூடுதலாகச் சேர்ந்த இரும்பு) பேதம் தெரியாது. இருக்கும் இரும்பு முழுவதையும் ஃபெரிக் ஆக்சைடாகக் கணக்கிட்டு அச்சடித்துவிடுகிறார்கள். பக்கத்தில் "மொத்த இரும்பு" என்று இரண்டு சொல் சேர்க்க என்ன கஷ்டமோ! தரகர்கள் பிழைப்பதே இந்த அலட்சியத்தில்தான். ஃபெரஸ் ஆக்சைடைத் தனியாக டைட்ரேஷன் (கரைசல் சொட்டி அளக்கும்) முறையில் அளக்கச் சொல்லுங்கள். மாதிரியை நெடுநேரம் அரைக்கக் கூடாது. அரைக்கும்போதே காற்றுபட்டு ஃபெரஸ் குறையும். ஃபெரஸ் 2.4 வந்தால் அதை 1.11-ஆல் பெருக்கி ஃபெரிக் ஆக்சைடு எடைக்கு மாற்றி, மொத்தமான 3.2-இல் கழியுங்கள். உண்மையான ஃபெரிக் 0.5 சொச்சம்தான். ஃபெரிக்கை ஃபெரஸால் வகுத்தால் 0.22. இந்த விகிதம் சுமார் 0.5-ஐத் தாண்டினால்தான் ஆக்சிஜன் ஏறிய வகை.

மாக்மாவில் ஆக்சிஜன் நிலை உயர்ந்திருந்தால் இரும்பின் ஒரு பகுதி காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட் கனிமமாகப் படியும், டைட்டானியம் டைட்டனைட் என்ற கனிமத்துக்குப் போகும். கந்தகம் சல்ஃபேட்டாகக் கரைந்திருப்பதால் செம்பும் கடைசிவரை குழம்பிலேயே தங்கும். குறைந்திருந்தால் மேக்னடைட்டுக்குப் பதில் இல்மனைட் (இரும்பு-டைட்டானியம் ஆக்சைடு) வரும். கந்தகம் சல்ஃபைடாக முன்னதாகவே பிரிந்து செம்பை இழுத்துக்கொள்ளும். வெள்ளீயம் சேர்வது இந்த இரண்டாம் வகையில்தான். 1977-இல் ஜப்பானியப் புவியியலாளர் ஷுன்சோ இஷிஹாரா பிரித்த மேக்னடைட் தொடர், இல்மனைட் தொடர் இவைதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். பாறையின் புதிதாக உடைத்த பரப்பருகே நூலில் கட்டிய வலுவான காந்தத்தைத் தொங்கவிடுங்கள். மேக்னடைட் தொடரானால் இழுக்கும். பாறையைப் பொடித்துப் பார்ப்பதானால் இரும்புச் சுத்தியலின் துகள் கலந்து ஏமாற்றும். தடித்த காகிதத்தில் பொதிந்து உடையுங்கள். கருவி வைத்திருப்பவரிடம் காந்த ஏற்புத்திறன் (காந்தப்புலத்தில் பாறை எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) அளக்கச் சொன்னால் எல்லை 0.003 எஸ்.ஐ. அலகு; அதற்கு மேல் மேக்னடைட் தொடர்.

ஒரு விலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காந்தம் இழுக்காவிட்டால் உடனே இல்மனைட் தொடர் என்று முடிவு கட்டாதீர்கள். வெந்நீரோ மழைநீரோ மேக்னடைட்டை ஹேமடைட்டாக மாற்றியிருக்கலாம். அப்போது துகளின் எண்முக வடிவம் அப்படியே இருக்கும், காந்தத்தில் ஒட்டாது, உரசினால் செந்நிறத் தடம் விடும். லென்ஸில் இப்படித் தெரிந்தால் மேற்தோலை விட்டு ஆழத்திலிருந்து மாதிரி எடுத்து, காந்தச் சோதனையையும் ஃபெரஸ் அளவையும் மறுபடி செய்யுங்கள்.

ஆக்சிஜன் ஏறிய வகை என்றே உறுதியானாலும் செம்பு இருப்பதாக ஆகாது. அந்த வகை கிரானைட்டுகளில் பெரும்பாலானவை வெறும் கல்தான். தரகரிடம் செம்பின் அளவு போட்ட அறிக்கையைக் கேளுங்கள், மாதிரி எடுத்த இடத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள்.