பந்தில் காற்று குறைந்தது எப்படி? பிரேடி சண்டையில் எதைக் கேட்க வேண்டும்

கேள்வி: போஸ்டனில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். வந்த புதிதில் அமெரிக்க ஃபுட்பால் தலையும் புரியாது, வாலும் புரியாது. இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கிறேன். அலுவலகத்தில் இந்த ஊர் அணியான பேட்ரியாட்ஸின் ரசிகர்களும் மற்ற அணிக்காரர்களும், அதன் அப்போதைய குவாட்டர்பேக் (பந்தை எறியும் வீரர்) டாம் பிரேடி 2015-இல் ஓர் ஆட்டத்தில் பந்தில் காற்றை இறக்கச் சொன்னாரா இல்லையா என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். ஒரு தரப்பு, "குளிரில் தானாகவே குறையும், பள்ளிக்கூட இயற்பியல்தானே" என்கிறது. இன்னொரு தரப்பு, "கோர்ட்டே சொல்லிவிட்டது, ஏமாற்றியதுதான்" என்கிறது. எதை வைத்து முடிவு செய்வது? நானே வீட்டில் சோதித்துப் பார்க்க முடியுமா?

பதில்: சோதிக்கலாம். ஒரு பந்து, ஒரு பம்ப், இரண்டு கேஜ் (அழுத்தமானி), ஒரு ஃப்ரிட்ஜ் போதும். செய்முறையைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் அதை வைத்து உங்கள் நண்பர்களின் சண்டையை முடிக்க முடியாது. அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது என் தொழில். அந்தக் கண்ணோடு பார்த்தால், இந்த விவகாரம் இத்தனை ஆண்டுகளாக இழுபடுவதற்கு முக்கியக் காரணம் ஒன்றுதான்: ஆட்டத்துக்கு முன் எடுத்த அளவை யாரும் எழுதி வைக்கவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 ஜனவரி 18, ஃபாக்ஸ்பரோவின் ஜில்லெட் மைதானம். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணிக்கும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கும் ஆட்டம். ஜெயிப்பவர்கள் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டிக்குப் போவார்கள். மழையும் குளிருமான இரவு. ஆட்டத்தின் இரண்டாவது கால் பகுதியில் பிரேடி எறிந்த பந்து ஒன்றை கோல்ட்ஸ் வீரர் டிக்வெல் ஜாக்சன் இடைமறித்துப் பிடித்தார். அந்தப் பந்தில் காற்று குறைவு என்று புகார் எழுந்தது. இடைவேளையில் நடுவர்கள் பேட்ரியாட்ஸின் 11 பந்துகளை அளந்தார்கள். அத்தனையும் விதி சொல்லும் 12.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) அளவுக்குக் கீழே இருந்தன.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் குழப்புவது இந்த இடம்தான். கிரிக்கெட்டில் ஒரு அணி வீசுகிற பந்தையேதான் மற்ற அணி அடிக்கும், அணிக்கென்று சொந்தப் பந்து கிடையாது. என்.எஃப்.எல். என்ற இந்த அமெரிக்க லீகில் அப்படி இல்லை. ஒவ்வொரு அணியும் தாக்குதல் ஆடும்போது தன் சொந்தப் பந்துகளைக் கொண்டுவரும். 2006 முதல் இந்த வழக்கம். அதைக் கேட்டு வாங்கிய குவாட்டர்பேக்குகளில் பிரேடியும் ஒருவர், பேட்டன் மேனிங் இன்னொருவர். பந்தைத் தேய்த்து, பழக்கி, தன் கைக்குத் தோதாக ஆக்கிக்கொள்வது விதிப்படி சரி. காற்று மட்டும் 12.5-க்கும் 13.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பிரேடிக்கு 12.5 பிடிக்கும், மழையில் நனைந்த பந்து கொஞ்சம் மெத்தென்று இருந்தால் விரல் பிடிமானம் கூடும். ஆரோன் ராட்ஜர்ஸ் என்ற இன்னொரு குவாட்டர்பேக்குக்கு நேர்மாறாக, கல் மாதிரி இறுகிய பந்துதான் வேண்டும். கோல்ட்ஸ் பந்துகளில் சுமார் 13 இருந்தது.

இனி இயற்பியலுக்கு வருவோம். போஸ்டன் குளிர்காலத்தில் காலையில் காரை எடுக்கும்போது டயர் எச்சரிக்கை விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சமாச்சாரம்தான் இங்கேயும். பந்தை அளந்த அறையில் சுமார் 22 டிகிரி செல்சியஸ். வெளியே மைதானத்தில் சுமார் 9 டிகிரி. அழுத்தம் எவ்வளவு இறங்கும்?

இந்தக் கணக்கில் பலர் தடுக்கி விழுகிறார்கள். கேஜ் காட்டும் 12.5 என்பது வெளிக்காற்றை விட எவ்வளவு அதிகம் என்ற எண். உள்ளே இருக்கும் முழு அழுத்தம் அதோடு வெளிக்காற்றின் அழுத்தமான 14.7 சேர்த்து 27.2. வெப்பநிலை விகிதத்தை இந்த 27.2-இல்தான் போட வேண்டும். கெல்வினில் 295, 282 என்று வைத்தால் முழு அழுத்தம் சுமார் 26.0 ஆகும். 14.7-ஐக் கழித்தால் கேஜில் ஏறக்குறைய 11.3. வெறும் 12.5-இல் விகிதத்தைப் போட்டால் 11.9-க்கு மேல் வரும். அப்போது குளிரால் அரை பி.எஸ்.ஐ.தான் குறையும் என்று தோன்றும். உண்மையில் அதைப் போல இரண்டு மடங்கு குறையும். யாராவது சூத்திரத்தோடு வந்தால் முதலில் 14.7-ஐக் கூட்டினாரா என்று பாருங்கள்.

ஆக, யாரும் கை வைக்காமலே பந்துகள் விதிக்குக் கீழே போயிருக்கும். இதை லீக் நியமித்த விசாரணையே ஒத்துக்கொள்கிறது. வழக்கறிஞர் டெட் வெல்ஸ் தலைமையில் நடந்த அந்த விசாரணையின் அறிக்கை 2015 மே 6-இல் வெளிவந்தது. அதற்காகக் கணக்குப் போட்ட எக்ஸ்போனென்ட் நிறுவனம், இடைவேளையில் பேட்ரியாட்ஸ் பந்துகள் இயல்பாகவே 11.32-க்கும் 11.52-க்கும் நடுவில் இருக்கும் என்றது.

அளந்தபோது எவ்வளவு இருந்தது? இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள். தலைமை நடுவர் வால்ட் ஆண்டர்சனிடம் இரண்டு கேஜ்கள் இருந்தன. ஒன்றில் வில்சன் முத்திரை இருந்தது, அதன் ஊசி நீளமாகக் கொஞ்சம் வளைந்திருந்தது. மற்றதில் முத்திரை இல்லை. முத்திரை உள்ள கேஜ் மற்றதைவிட 0.3 முதல் 0.45 வரை கூடுதலாகக் காட்டும். இடைவேளையில் ஒவ்வொரு பந்தையும் இரண்டிலும் அளந்தார்கள். பேட்ரியாட்ஸ் பந்துகளின் சராசரி முத்திரை கேஜில் 11.49, மற்றதில் 11.11.

இப்போது அந்த 11.32–11.52 வரம்போடு ஒப்பிடுங்கள். ஆட்டத்துக்கு முன் முத்திரை கேஜால் அளந்திருந்தால் அதே கேஜின் 11.49-ஐத்தான் எடுக்க வேண்டும். அது வரம்புக்குள் வந்துவிடுகிறது. குளிர் மட்டுமே போதும். மற்ற கேஜால் அளந்திருந்தால் 11.11, இரண்டு முதல் நான்கு தசமம் வரை குளிரால் விளக்க முடியாத குறைவு. மொத்தச் சண்டையும் இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் நடக்கிறது. முத்திரை கேஜைத்தான் பயன்படுத்தியதாகத் தனக்கு நினைவு என்று ஆண்டர்சன் சொன்னார். அறிக்கை அதை ஏற்கவில்லை. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் ஒரேயடியாகத் தள்ளக்கூடியது அல்ல: இரு அணிகளும் 12.5, 13 என்று வைத்து அனுப்பிய பந்துகள் ஆண்டர்சனிடமும் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டின. கூட்டிக் காட்டும் கேஜாக இருந்தால் அப்படி ஒத்துப்போயிருக்காது. ஆனாலும் இது ஊகம்தான். ஒரு துண்டுக் காகிதத்தில் எண்ணும் கேஜும் எழுதியிருந்தால் இந்த ஊகத்துக்கே வேலையில்லை. கோல்ட்ஸ் தரப்பு ஆட்டத்துக்கு முன்பே லீகிடம் சந்தேகத்தைத் தெரிவித்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஆத்திரமே வருகிறது. எச்சரிக்கை வந்த பிறகும் எழுதவில்லை.

கோல்ட்ஸ் பந்துகள் அந்த அளவுக்குக் குறையவில்லையே என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதே மைதானம், அதே குளிர்தானே? சரியான கேள்வி. ஆனால் நேரம் போதாமல் கோல்ட்ஸ் பந்துகளில் நாலைத்தான் அளந்தார்கள், அதுவும் பேட்ரியாட்ஸ் பந்துகளுக்குப் பிறகு. சூடான அறைக்குள் கொண்டுவந்த பந்தில் ஒவ்வொரு நிமிடமும் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். நனைந்த பந்தில் மெதுவாக ஏறும், உலர்ந்ததில் வேகமாக. எந்தப் பந்தை எத்தனையாவது நிமிடத்தில் அளந்தார்கள் என்ற குறிப்பு கிடையாது.

அந்த நாலு பந்துகளின் எண்களையும் பாருங்கள். ஒரு நடுவர் எடுத்தவை 12.70, 12.75, 12.50, 12.55. மற்றவர் எடுத்தவை 12.35, 12.30, 12.95, 12.15. முதல் இரண்டிலும் கடைசியிலும் முதல் நடுவரின் எண் கூட. மூன்றாவதில் மட்டும் தலைகீழ். அந்த வரிசையில் ஏதோ இடம் மாறியிருக்கிறது. அதோடு, பேட்ரியாட்ஸ் பந்துகளை அளந்தபோது இதே முதல் நடுவரின் எண்கள்தான் எப்போதும் குறைவாக வந்தன. அப்படியானால் நடுவில் இருவரும் கேஜை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதையும் யாரும் குறிக்கவில்லை, எண்களை வைத்துப் பின்னால் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. என் பட்டறையில் இப்படி ஒரு தாள் வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புவேன். மற்றவர் எடுத்த நான்கில் மூன்று 12.5-க்குக் கீழே இருப்பதையும் கவனியுங்கள். கோல்ட்ஸைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை.

இவ்வளவும் மே மாதம்தான் தெரிய வந்தது. ஆட்டம் முடிந்த இரண்டே நாளில், 11 பந்துகள் தலா 2 பி.எஸ்.ஐ. குறைவு என்று ஒரு செய்தி பரவியது. அது தவறு. அளந்ததிலேயே மிகக் குறைந்த எண் ஒரு கேஜில் ஒரே ஒரு பந்துக்கு வந்த 10.50. ஆனால் மூன்றரை மாதம் அந்தத் தவறான எண்ணை வைத்துத்தான் நாடே பேசிக்கொண்டிருந்தது. உங்கள் அலுவலகத்தில் இன்றும் யாராவது "2 பி.எஸ்.ஐ." என்றால் அந்தச் செய்தியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்.

அதற்காகப் பேட்ரியாட்ஸ் ரசிகர்கள் நிம்மதியாக உட்காரவும் முடியாது. காற்றைத் தவிர மனிதர்கள் பற்றிய ஆதாரமும் இருக்கிறது. பந்துப் பையைக் கவனித்த பேட்ரியாட்ஸ் ஊழியர் நடுவரின் அனுமதியில்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய், வழியில் ஒரு கழிப்பறைக்குள் சுமார் 1 நிமிடம் 40 விநாடி இருந்தார். அவர் பழைய குறுஞ்செய்தி ஒன்றில் தன்னையே காற்று இறக்குபவர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். உடல் எடை குறைப்பதைப் பற்றிய பேச்சு அது என்று அணி தந்த விளக்கத்தை என்னால் நம்ப முடியவில்லை. பிரேடி விசாரணைக் காலத்தில் தன் பழைய போனை அழித்தது அறிக்கை வந்த பிறகுதான் தெரிய வந்தது. மற்றவை எல்லாம் சேர்ந்துதான் "நடந்திருக்க வாய்ப்பே அதிகம்" என்று அறிக்கை முடித்தது. அந்த வார்த்தைகளின் எடை அவ்வளவுதான். நிரூபணம் என்று அறிக்கையே சொல்லவில்லை. கேப் டவுனில் 2018-இல் ஆஸ்திரேலிய வீரர்கள் மாட்டியதோடு இதை ஒப்பிடுகிறார்கள். அங்கே உப்புக் காகிதம் கேமராவில் பதிவானது, வீரர்களும் ஒப்புக்கொண்டார்கள். இங்கே இரண்டும் இல்லை.

கோர்ட் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது தவறு. பிரேடிக்கு 4 ஆட்டத் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு வாய்ப்புகள் பறிப்பு என்று லீக் கொடுத்த தண்டனை. 2015 செப்டம்பரில் நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் தடையை ரத்து செய்தார். 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று அதைத் திரும்பக் கொண்டுவந்தது. வீரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி லீக் ஆணையர் ரோஜர் குடெலுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. காற்றை யார் இறக்கினார்கள் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

என் கருத்தைக் கேட்டால், ஊழியர்கள் மேல் சந்தேகம் நியாயமானது. அளவுகளை வைத்து ஒருவரைத் தண்டிப்பது நியாயமில்லை. காற்று குறைந்ததால்தான் ஜெயித்தார்கள் என்பதும் நிற்காது. பந்துகளைத் திரும்பக் காற்றடித்துக் கொடுத்த பிறகு, இரண்டாம் பாதியில் பேட்ரியாட்ஸ் 28 புள்ளி எடுத்தது, கோல்ட்ஸ் ஒன்றுமே எடுக்கவில்லை. மொத்தம் 45-7.

அடுத்த பருவத்தில் லீக் பந்துகளுக்கு எண் போட்டு, அளவைப் பதிவு செய்து, சில ஆட்டங்களில் இடைவேளையிலும் அளந்தது. குளிர் இரவுகளில் மற்ற அணிகளின் பந்துகள் எவ்வளவு இறங்குகின்றன என்பதை அந்த எண்களே காட்டியிருக்கும். அவற்றை வெளியிடவே இல்லை. இந்தச் சண்டையில் எனக்கு யார் மேலாவது தீராத கோபம் என்றால் அது லீகின் மேல்தான்.

சரி, வீட்டுச் சோதனை. பந்தை அறையில் சில மணி நேரம் வைத்துவிட்டு 12.5-க்குக் காற்றடியுங்கள். ஊசியை நனைத்துச் செருகுங்கள், இல்லையென்றால் வால்வு கிழியும். இரண்டு கேஜிலும் அளந்து, அறை வெப்பநிலையோடு எழுதிக்கொள்ளுங்கள். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். அறை 22 டிகிரி, ஃப்ரிட்ஜ் 4 டிகிரி என்றால் காலையில் எடுத்த உடனே ஏறக்குறைய 10.8 காட்ட வேண்டும். அப்புறம் மேஜை மேல் வைத்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்தால் எண் ஏறுவது தெரியும். அடுத்த நாள் இதையே ஈரத்துணி சுற்றிச் செய்து பாருங்கள். ஏறும் வேகம் குறையும். ஊசி ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் துளிக் காற்று வெளியேறும், அதனால் பந்து முழுக்க அறைச் சூட்டுக்கு வந்த பிறகு கடைசியாக ஒரு தடவை அளந்து, 12.5-இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். அந்த விலகல் உங்கள் ஊசி தின்ற காற்று. அதை எத்தனை தடவை அளந்தீர்களோ அத்தனையாகப் பங்கிட்டு, ஒவ்வொரு எண்ணோடும் அதுவரை இழந்த பங்கை மட்டும் கூட்டிக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும்.