அம்மாவின் முழங்காலும் வெலிகா பிளானினாவும்

வணக்கம் சகோ. ஸ்லோவேனியாவில் பிளெட் ஏரிக் கூட்டம் வேண்டாம், அம்மாவால் மலையேற முடியாது, மேய்ச்சல் மாடுகளைப் பார்க்கணும், வெலிகா பிளானினா மலை மேய்ச்சல் வெளிக்குச் செப்டம்பர் கடைசியில் போகலாமா என்று கேட்டிருந்தீங்க. இடம் சரி, தேதிதான் இடிக்குது. அங்கே மாடுகள் ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான். கடைசி வாரத்தில் பெரும்பாலும் இறக்கிடுவாங்க. ஆகஸ்ட்டுக்கு மாத்திக்கோங்க.

காம்னிக் ஊர்ப் பக்கத்திலிருந்து ரோப் கார், மேலே சேர்லிஃப்ட். அப்புறமும் கல் பாதையில் கொஞ்சம் நடக்கணும், அம்மாவுக்குக் கைத்தடி அவசியம். காத்து பலமா இருந்தா ரோப் கார் நிக்கும், காலையிலேயே விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.

பிரெஸ்கர் குடில்னு பழைய பாணி மேய்ப்பர் குடில் இருக்கு, அதை மட்டும் விட்டுடாதீங்க. பலகை ஓடு வேய்ந்த கூரை தரை வரைக்கும் இறங்கியிருக்கும். நடுவில் மனுஷங்க, சுத்தி மாடுகள், எல்லாம் ஒரே கூரைக்குள்ள. அங்கே குடில்கள் பழசு மாதிரி தெரிஞ்சாலும் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டினவை; முன்னாடி இருந்ததை அந்தப் போரில் ஜெர்மன் படை எரிச்சிடுச்சு.

அங்கே 'த்ர்னிச்' என்று பேரிக்காய் வடிவ உப்புப் பாலாடைக்கட்டி உண்டு. ஜோடியாச் செஞ்சு, செதுக்கின மரக்கட்டையால் கோலம் பதிப்பாங்க. ஒண்ணை மேய்ப்பர் காதலிக்குக் கொடுத்துட்டு மத்ததைத் தானே வெச்சுக்குவாராம். கல்லு மாதிரி இருக்கும், அம்மாவுக்குத் துருவித்தான் கொடுக்கணும்.