குக்குலு செடியும் சிவப்புப் பட்டியலும்: கேள்வி பதில்

நாட்டு மருந்துக் கடைக்காரர்: குக்குலு பிசின் எங்களுக்குத் தட்டுப்பாடில்லாமல் வருகிறது. சிவப்புப் பட்டியலைக் காட்டி, செடி அழிகிறது என்கிறீர்களே?

மூட்டை வருவதை வைத்துக் காட்டைக் கணக்குப் போட முடியாது. பிசின் தருவது கொம்மிபோரா வைட்டியை என்ற புதர். ராஜஸ்தான், குஜராத்தின் கட்ச், எல்லைக்கு அப்பால் சிந்து, பலுசிஸ்தான் என வறண்ட கல்லாங்காட்டுச் செடி. முறுக்கிய கிளைகள், நுனியெல்லாம் முள். சாம்பல் நிறப் பட்டை காகிதம் போலச் சுருண்டு உரியும், உள்ளே பச்சை தெரியும். வருஷத்தில் பாதிக்கு மேல் இலை இருக்காது. 2015-ல் ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்கான தன் சிவப்புப் பட்டியலில் இதை ‘மிக அருகிய இனம்’ என்று வைத்தது. அதற்கு மேலே இருப்பவை அற்றுப்போனவை மட்டும்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: கொலஸ்ட்ராலுக்குக் குக்குலு மாத்திரை எத்தனை?

அது டாக்டரிடம் கேட்க வேண்டியது. 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் குக்குலு சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் குறையவில்லை, சற்று ஏறியது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

தாவரவியல் மாணவி: எண்ணிக்கை குறைந்தால்தான் பட்டியலில் ஏறுமா?

நல்ல கேள்வி. அளவுகோல்கள் ஐந்து. ஒன்றில் சிக்கினாலே போதும். பரவல் பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்குள் சுருங்கி, கூடவே சில நிபந்தனைகளும் பொருந்தினால் ஒரு செடி ‘மிக அருகிய’ வகையில் வரும். முதிர்ந்த செடி 50-க்கும் கீழே போனாலும் வரும். குக்குலு இந்த இரண்டிலும் சிக்காது, இரண்டு நாடுகளில் பரந்து கிடக்கிறது. அது சிக்கியது எண்ணிக்கைச் சரிவில். 10 ஆண்டு, அல்லது மூன்று தலைமுறை, இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 80 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருக்க வேண்டும். தலைமுறை என்பது முதல் பூ பூக்கும் வயதல்ல, இனம் பெருக்கும் செடிகளின் சராசரி வயது. இதுவோ மெதுவாக வளரும் புதர், பிசின் எடுக்கும் பருமனுக்கு வரவே 10 ஆண்டு போல ஆகும். ஆகவே கணக்கு பல பத்தாண்டு பின்னோக்கிப் போகும். அன்றைக்கு யார் எண்ணி வைத்தார்கள்? அதனால் பழைய உலர்தாவரத் தாள்கள் (செடியைக் காயவைத்து ஒட்டி, எடுத்த இடத்தைக் குறித்த தாள்கள்), வாழிட இழப்பு, அறுவடையின் போக்கு இவற்றை வைத்து ஊகிக்க விதி இடம் தருகிறது. ஊகம் என்று வெளிப்படையாக எழுதி, காரணமும் காட்ட வேண்டும்.

ஒரு வேண்டுகோள்: செடியைப் பார்த்த இடத்தின் ஜி.பி.எஸ். புள்ளியைப் பொதுவில் போடாதீர்கள், வெட்டுகிறவர்களுக்கு அது வழி காட்டும்.

கட்ச்சில் வேலை பார்ப்பவர்: ஒரே குன்றில் நூற்றுக்கணக்கில் பார்த்தேன். பட்டியல் மிகைப்படுத்துகிறது.

நூற்றில் கன்று எத்தனை? பட்டுப்போனது எத்தனை? இன்னொன்று: இதில் ஆண் செடி அபூர்வம். மகரந்தமே சேராமல் பெண் செடி விதை வைக்கிறது என்று 1990-களிலேயே காட்டிவிட்டார்கள். அந்த விதை தாயின் நகல். உங்கள் குன்று முழுக்க சில தாய்களின் நகல்களாகவே இருக்கலாம். ஒரு நோய் வந்தால் எல்லாமே ஒரே மாதிரி படுக்கும்.

அவரே: பிசின் எடுக்கும் ஏழைகள் மேல் பழி போடுவது சுலபம். சீமைக்கருவேலத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?

விடவில்லை. பட்டியலில் வாழிடச் சரிவு, அறுவடை இரண்டுமே காரணமாகப் பதிவாகியிருக்கின்றன. கட்ச்சின் பன்னிப் புல்வெளியை அந்த மரம் என்ன செய்தது என்று ராமநாதபுரத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் பன்னி சமவெளி, குக்குலு கற்சரிவில் நிற்கிறது. அங்கே கத்திக்குத்தான் முதல் பங்கு. மேலாகக் கீறி ஆறவிட்டால் செடி பிழைக்கும். ஆழமாக வெட்டி மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலந்த பசையைப் பூசினால் அந்தப் பருவத்தில் பிசின் கொட்டும், பிறகு செடி பட்டுப்போகும். ஏழை ஏன் அப்படிச் செய்கிறான்? அவன் விட்டுவைத்த செடியை நாளைக்கு இன்னொருவன் வெட்டுவான். செடி யாருக்கும் சொந்தமில்லை. என் கோபம் அவன் மேல் இல்லை. எங்கிருந்து, எப்படி எடுத்தது என்று கேட்காமல் மூட்டை வாங்குகிறவர்கள் மேல்தான்.

இன்னொருவர்: கொலஸ்ட்ராலுக்கு...

மேலே பார்க்கவும்.

மாடித் தோட்டக்காரர்: வளர்க்கலாமா?

போத்து வைத்தால் வேர் பிடிக்கும், தண்ணீர் தேங்கினால் அழுகும். நர்சரியில் வாங்குங்கள். காட்டுச் செடியில் கை வைக்காதீர்கள்.

அதே மாணவி: நான் ராஜஸ்தான் போகிறேன். எதைக் குறித்து வர வேண்டும்?

உயரம், தண்டின் பருமன், வெட்டுக்காயம், ஆணா பெண்ணா, அடியில் கன்று உண்டா என்பது. பட்ட செடியையும் எண்ணுங்கள். பழைய தாளில் உள்ள இடத்துக்குப் போய்த் தேடியும் கிடைக்கவில்லையா? எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் தேடினீர்கள் என்று எழுதி, ‘இல்லை’ என்று தேதி போடுங்கள். சரிவைக் கணக்கிட இந்த ‘இல்லை’கள்தான் வேண்டும், அவற்றைத்தான் யாரும் எழுதி வருவதில்லை. ஜி.பி.எஸ். புள்ளி உங்கள் நோட்டில் மட்டும்.