ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்கும் மேற்கத்தியப் பாடல்களை மட்டும்தான் கேட்கலாம் என்றால் எந்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

யோசிக்கவே வேண்டாம், 'ஹெச்'தான்.

பலர் 'பி' பக்கம் போவார்கள். பொஹீமியன் ராப்சடியும் பில்லி ஜீனும் அங்கே இருக்கும்போது கை தானாகவே அந்தப் பக்கம் நீளும். 'ஹெச்'சிலும் பெரிய தலைகளுக்குப் பஞ்சமில்லை: ஹே ஜூட், ஹோட்டல் கலிஃபோர்னியா, டேவிட் போவியின் ஹீரோஸ். ஆனால் நான் 'ஹெச்' என்று அடம்பிடிப்பது இவற்றுக்காக இல்லை. பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு இன்னொன்று என்று வாழ்ந்த பாட்டுகள் இந்த எழுத்தில் அவ்வளவு இருக்கின்றன. ஒரே பாட்டை இரண்டு குரல்களில் அடுத்தடுத்துப் போட்டு, இது உண்மையில் யார் பாட்டு என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு தனி சுகம்.

ஹவுண்ட் டாக் என்றதும் எல்லோருக்கும் எல்விஸ் பிரெஸ்லிதான் நினைவுக்கு வருவார். அதை எழுதிய ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டோலரும் அப்போது பத்தொன்பது வயதுப் பையன்கள். எழுதியது பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகிக்காக. 1952-இல் லாஸ் ஏஞ்சலஸில் பதிவாகி, 1953-இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைக்கான ஹிட் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. வெட்டியாகச் சுற்றிவிட்டுச் சோற்றுக்கு மட்டும் வந்து நிற்கும் ஒருவனை ஒரு பெண் வாசலிலேயே நிற்கவைத்து விளாசுகிற பாட்டு அது. எல்விஸ் 1956-இல் பாடியபோது விஷயமே மாறிவிட்டது. லாஸ் வேகாஸில் ஃப்ரெடி பெல் குழுவினர் மேடையில் பாடிய, காரம் குறைத்த வரிகளைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அதில் முயல் பிடிக்கத் தெரியாத நிஜ நாய் ஒன்று வந்துவிடுகிறது! போதாக்குறைக்கு, ஸ்டீவ் ஆலன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரைப் பின்பக்கம் நீண்டு தொங்கும் டெயில்கோட்டில் நிற்கவைத்து, ஒரு பாசெட் ஹவுண்ட் நாயைப் பார்த்துப் பாடவும் விட்டார்கள். ரெக்கார்டு லட்சக்கணக்கில் விற்றது. தனக்குக் கிடைத்தது ஒரே ஒரு 500 டாலர் காசோலைதான் என்று தார்ன்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதில் நான் தார்ன்டன் கட்சி, மாற்றிப் பேச மாட்டேன்.

அதே 1956 ஜூலையில் ஸ்டோலர் ஐரோப்பாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரியா டோரியா கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. உயிர் தப்பி நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியவரிடம் லீபர் ஓடிவந்து சொன்ன சேதி, நம் பாட்டு ஹிட்டாகிவிட்டது, பாடியது எல்விஸ் பிரெஸ்லி என்பது. கூட்டாளி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஹலேலூயா கதை இதற்கு நேர்மாறு. லெனார்ட் கோஹன் வருடக்கணக்கில் எழுதி எழுதி அடித்து, 1984-இல் ஆல்பத்தில் சேர்த்தார். அவருடைய கம்பெனியான கொலம்பியா அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிடவே மறுத்துவிட்டது. 1991-இல் ஜான் கேல் அதை வெறும் பியானோவோடு பாடினார். அதைக் கேட்ட ஜெஃப் பக்லி 1994-இல் எலெக்ட்ரிக் கிடார் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பாடினார். உலகம் கேட்டது அதற்குப் பிறகுதான். கிடார் பிடிக்கத் தெரிந்தவர்கள் முதல் சரணத்தைக் கவனியுங்கள். நான்காவது, ஐந்தாவது, மைனருக்கு இறக்கம், மேஜருக்கு ஏற்றம் என்று வரிகள் சொல்லச் சொல்ல, கை அதே நேரத்தில் எஃப், ஜி, ஏ மைனர், மறுபடி எஃப் என்று அதே பெயர்கொண்ட கார்டுகளில் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளில்) போய்க்கொண்டிருக்கும். தன் இலக்கணத்தைத் தானே பாடிக்காட்டும் பாட்டு எனக்குத் தெரிந்து வேறு அதிகம் இல்லை. 2008 கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டன் பட்டியலில் அலெக்சாண்ட்ரா பர்க் பாடியது முதலிடம், பக்லி பாடியது இரண்டாமிடம், எழுதிய மனிதர் பாடியது 36-ஆம் இடம். குரல் சுமார் என்பதற்காகக் கோஹனை ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனாலும் இந்த ஒரு பாட்டில் என் ஓட்டு பக்லிக்கே.

ஹர்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நைன் இஞ்ச் நெயில்ஸின் ட்ரென்ட் ரெஸ்னர் 1994-இல் எழுதியது. அதில் கிடாரே வேண்டுமென்று அபஸ்வரமாக உறுத்தும். ஜானி கேஷ் 2002-இல் அந்த உறுத்தலையெல்லாம் எடுத்துவிட்டு, பள்ளிப் பையன்கூட வாசிக்கக்கூடிய ஏ மைனர், சி, டி கார்டுகளில் பாடினார். மூடிக் கிடந்த அவருடைய அருங்காட்சியகத்தில் எடுத்த வீடியோவைப் பார்த்த ரெஸ்னரே, இது இனி என் பாட்டு இல்லை என்று சொல்லிவிட்டார். இங்கே வழக்கு முடிந்தது.

ஹே ஜோ தெரியும்தானே? ஜிமி ஹென்ட்ரிக்ஸின் முதல் சிங்கிள், 1966. அதுவும் அவர் எழுதியது இல்லை. 1962-இலேயே பில்லி ராபர்ட்ஸ் காப்புரிமை வாங்கியிருந்த பாட்டு. ஹென்ட்ரிக்ஸின் பதிவைத் தயாரித்த சாஸ் சாண்ட்லர், அனிமல்ஸ் குழுவின் பேஸ் கிடார்காரர். அந்தக் குழுவின் 1964 ஹிட்டான ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன் பாட்டையும் 'ஹெச்' கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். முன்னால் ஒரு 'தி' இருக்கிறதே என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். நூலகத்தில் அகர வரிசைப்படுத்தும்போது அதைக் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு அது போதும்.

பீட்டில்ஸின் ஹே ஜூட் மட்டும் பிறந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. 1968-இல் வந்த அதே வருடமே வில்சன் பிக்கெட் அதைப் பாடிப் பார்த்தார். பீட்டில்ஸ் கடைசியில் கூட்டமாகச் சேர்ந்து இழுக்கும் இடத்தில், பிக்கெட் அலற, பின்னால் இளம் டுவேன் ஆல்மனின் கிடார் அவரோடு மல்லுக்கு நிற்கும். பாட்டை அவர்களால் தட்டிப் பறிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க நேரம் என்றால் பிக்கெட் பாடியதைப் போடுங்கள், ஹெட்ஃபோனில்.