மலேரியாவும் கொசுவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மலேரியாக் கொசு எந்த நேரத்தில் கடிக்கும்?
பதில்: பொழுது சாய்ந்த பிறகு. பகலில் கடிப்பது பெரும்பாலும் டெங்குக் கொசு.

கேள்வி: எங்கள் தெருவில் சாக்கடை திறந்து கிடப்பதால்தான் மலேரியா பரவுகிறது. வாரந்தோறும் புகை அடிக்கக் கோரி மனு கொடுக்கப் போகிறோம். சரிதானே? (ராயபுரம்)
பதில்: சரியில்லை. சாக்கடையில் வளர்வது கியூலக்ஸ் என்ற வேறு கொசு. அது யானைக்கால் நோயைப் பரப்பும், மலேரியாவை அல்ல. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நல்ல தண்ணீரைத் தேடிப் போகும். மேல்நிலைத் தொட்டியும் கிணறும் தரைத்தொட்டியும்தான் அதற்குப் பிறந்த வீடு. மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் முதலில் அவரவர் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். தொட்டிக்கு மூடி இருக்கும். குழாய் நுழையும் இடத்தில் இரண்டு விரல் இடைவெளியும் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்த வாக்கில் கிடந்தால் அது அனோபிலிஸ் புழு. தலைகீழாகத் தொங்கினால் வேறு இனம். நிழல் பட்டதும் புழு நெளிந்து அடியில் இறங்கிவிடும். அசையாமல் நின்றால் மேலே வரும்.

புகை, அந்த நேரத்தில் வெளியே பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். அறைக்குள் ஒதுங்கியிருப்பதையும் தொட்டிப் புழுவையும் தொடாது. முட்டை கொசுவாக ஏறத்தாழ 10 நாள் போதும். ஆண்டுக்கணக்காக இதையே சொல்லி வருகிறேன். புகை வண்டி வந்தால் தெருவே வாசலில் நிற்கிறது. மாடிக்கு ஏற மட்டும் ஆள் இல்லை. வாரம் ஒரு நாள் தொட்டியைப் பாருங்கள். மூடியை இறுக்குங்கள். காற்றுக்குழாய்க்கு வலை கட்டுங்கள்.

கேள்வி: ஆய்வுக்காக 50 அனோபிலிஸ் பிடித்தோம். ஒன்றிலும் மலேரியா ஒட்டுண்ணி இல்லை. அந்தப் பகுதியில் பரவல் இல்லை என்று எழுதலாமா? (கல்லூரி மாணவி)
பதில்: கூடாது. பரவல் உள்ள ஊரிலும் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணி சுமப்பவை நூற்றில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். நோயாளியைக் கடித்த கொசு, அடுத்தவருக்கு நோயைக் கொடுக்க 10 முதல் 14 நாள் உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே எண்ணிக்கையை விட வயதைப் பாருங்கள். சூலகத்தைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தால், முட்டையே இடாததில் மூச்சுக்குழல் நுனிகள் சுருண்டிருக்கும்; ஒரு முறை இட்டதில் விரிந்திருக்கும். முட்டையிட்ட, அதாவது வயது கூடிய கொசுக்கள் மிகுந்திருந்தால் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: மகனுக்கு வைவாக்ஸ் மலேரியா. மூன்று நாள் மாத்திரையிலேயே குணமாகி, இரண்டு மாதத்தில் மீண்டும் காய்ச்சல். புதிய கொசுக்கடியா?
பதில்: இருக்கலாம். ஆனால் பிரைமாகுயின் 14 நாளும் கொடுத்தீர்களா? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. மூன்று நாள் மாத்திரையான குளோரோகுயின் இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணியைத்தான் அழிக்கும். கல்லீரலில் உறங்குவதைப் பிரைமாகுயின்தான் அழிக்கும்; இல்லையேல் அது மீண்டும் எழும். அப்போது உங்கள் பிள்ளை வழியாகத் தெருவுக்கும் பரவும். உடனே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த நாள் முழுவதும் மாத்திரை கொடுங்கள்.

கேள்வி: கொசு கடித்தது. மலேரியா வருமா?
பதில்: ஊர், நேரம், காய்ச்சல் உண்டா என எதுவும் சொல்லாமல் கேட்டால் என்ன பதில் சொல்வது? காய்ச்சல் வந்தால் அன்றே பரிசோதனைக்கு இரத்தம் கொடுங்கள். வைவாக்ஸ் நோயாளியிடமிருந்து முதல் சில நாட்களிலேயே கொசுவுக்குத் தொற்றிவிடும்.

கேள்வி: இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதே, இன்னும் ஏன் கொசு பிடிக்கிறார்கள்? (யாழ்ப்பாணம்)
பதில்: 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது ஒட்டுண்ணி ஒழிந்ததற்கு. கொசு அங்கேயேதான் இருக்கிறது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் ஸ்டீபன்சியும் தென்பட்டது. நோய் மீண்டும் பரவ, வெளிநாட்டிலிருந்து தொற்றோடு வரும் ஒரு பயணி போதும்.

கேள்வி: கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனைத் தொட்டியில் விடலாமா?
பதில்: கிணற்றில் விடுங்கள். தொட்டிக்கு மூடி.