புது இயந்திரம் வாங்கியும் லாபம் ஏன் அசையவில்லை?

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். அட்டைப்பெட்டியும் லேபிளும்தான் முக்கிய வேலை. போன ஆண்டு கடன் வாங்கி டிஜிட்டல் அச்சு இயந்திரம் போட்டேன். ஆர்டர்களைக் கவனிக்க ஒரு மென்பொருளும் வாங்கினேன். வேலை முன்பைவிடச் சுத்தமாக நடக்கிறது, ஆனால் லாபம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. போட்டியாளர்களும் இதே இயந்திரத்தை வாங்கிவிட்டார்கள். எங்கே போனாலும் 'புத்தாக்கம்' என்கிறார்கள். நான் செய்தது புத்தாக்கம்தானா? அடுத்து எதில் பணம் போடுவது?

பதில்: முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஆமாம், புத்தாக்கம்தான். பல நாடுகள் புத்தாக்கத்தை அளக்கப் பின்பற்றும் ஆஸ்லோ கையேட்டின் 2018 பதிப்பு இதில் தாராளமாகவே இருக்கிறது. நிறுவனம் இதுவரை விற்றதிலிருந்தோ வேலை செய்த முறையிலிருந்தோ குறிப்பிடத்தக்க அளவு மாறிய ஒன்று நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டியதில்லை, உங்களுக்குப் புதிதாக இருந்தால் போதும். ஆனால் இந்தப் பட்டத்தை வைத்துக் கடன் தவணை கட்ட முடியாது. அதனால் இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

அதற்கு முன் ஒரு சின்னச் சரிபார்ப்பு. 'லாபம் அப்படியே இருக்கிறது' என்று நீங்கள் சொல்வது வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய லாபமா, பிந்தைய லாபமா? பிந்தையது என்றால், இயந்திரம் கொடுத்த கூடுதல் வருமானத்தை வட்டியும் தேய்மானமும் விழுங்கியிருக்கலாம். அது அவ்வளவு மோசமான செய்தி இல்லை. முந்தையதே அசையவில்லை என்றால்தான் மேலே படிக்க வேண்டும்.

தொழில் வரலாற்றில் இது நன்றாகப் பழகிய சிக்கல். எடிசனின் மின் நிலையங்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் 1882-ல் இயங்கத் தொடங்கின. ஆனால் நூற்றாண்டு முடியும்போதுகூட அமெரிக்க ஆலைகளின் இயந்திரங்களை ஓட்டிய ஆற்றலில் மின்மோட்டாரின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். உற்பத்தித்திறன் நிஜமாகவே துள்ளி எழுந்தது 1920-களில். ஏன் இத்தனை தாமதம் என்பதைப் பொருளாதார வரலாற்றாளர் பால் டேவிட் 1990-ல் அழகாக விளக்கினார். நீராவிக் காலத்து ஆலையில் ஒரே பெரிய எஞ்சின். அது கூரையை ஒட்டி ஓடும் நீளமான சுழல்தண்டைச் சுற்றும், தண்டிலிருந்து பெல்ட் வழியாக ஒவ்வொரு இயந்திரமும் ஓடும். எந்த இயந்திரத்தை எங்கே வைப்பது என்பதை அந்தத் தண்டுதான் தீர்மானித்தது. மின்சாரம் வந்ததும் பலர் எஞ்சினைக் கழற்றி, அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டு, பெல்ட், மாடிக் கட்டடம் எல்லாம் அப்படியே இருந்தன. எரிபொருள் செலவு கொஞ்சம் குறைந்ததோடு சரி. இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று பிரித்து, வேலை நகரும் வரிசைப்படி ஒற்றைத் தளத்தில் ஆலையைக் கட்டியவர்களுக்குத்தான் பெரிய பலன் கிடைத்தது.

உங்கள் அச்சகத்தில் அந்தப் பழைய தண்டு எது? என் ஊகம், விலைப்பட்டியல்.

ஆஃப்செட்டில், அதாவது பிளேட் வைத்து அச்சடிக்கும் பழைய முறையில், ஒரு வேலை தொடங்கும் முன்பே செலவு விழுந்துவிடும். பிளேட் போட வேண்டும், கலர் சரிசெய்ய வேண்டும், அதற்குள் ஒரு கட்டுத் தாள் வீணாகும். அதனால்தான் 'இத்தனைக்குக் குறைந்தால் எடுக்க மாட்டோம்' என்ற விதியும், எண்ணிக்கை கூடக் கூட விலை இறங்கும் பட்டியலும் வந்தன. டிஜிட்டலில் பிளேட்டே கிடையாது. நூறு பெட்டி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒரு பெட்டிக்கான அச்சுச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் குறைந்தபட்ச ஆர்டர் விதியை நீங்கள் இன்னும் எடுக்கவில்லை என்றால், ஆஃப்செட்டே மலிவாகச் செய்யக்கூடிய பெரிய வேலைகளை டிஜிட்டலில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். மிச்ச நேரம் இயந்திரம் சும்மா நிற்கும்.

கொட்டேஷனையும் பாருங்கள். இருபது நிமிடத்தில் அடித்து முடிக்கும் வேலைக்கு விலை சொல்ல இரண்டு நாள் ஆகிறதா? ஆர்டரை நோட்டில் எழுதி, சாயங்காலம் ஒருவர் உட்கார்ந்து மென்பொருளில் ஏற்றுகிறாரா? அப்படியென்றால் மென்பொருள் உங்களுக்கு இன்னொரு நோட்டு.

இனி போட்டியாளர் விஷயம். கடையில் கிடைக்கும் இயந்திரம் யாருக்கும் நிரந்தர முன்னிலை தராது. எல்லாரும் வாங்கினால் விலை இறங்கும், பலன் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரும். பொருளாதாரத்துக்கு அது நல்லது, உங்களுக்கு எரிச்சல். அமெரிக்கப் பொருளாதாரத்தை வைத்துப் பொருளாதார அறிஞர் வில்லியம் நார்ட்ஹாஸ் 2004-ல் போட்ட கணக்கில், புத்தாக்கத்தால் சமூகத்துக்குக் கிடைத்த மொத்தப் பலனில் அதைக் கொண்டுவந்தவர்கள் கையில் தங்கியது சுமார் 2 சதவீதம் மட்டுமே. புதியது பழையதைத் தள்ளிவிட்டு முன்னேறும் இந்த ஓட்டத்தைத்தான் பொருளாதார அறிஞர் ஷும்பீட்டர் 1942-ல் 'ஆக்கபூர்வ அழிவு' என்றார். அதைக் கணித வடிவில் கொண்டுவந்ததற்காகவே பிலிப் அகியோனும் பீட்டர் ஹோவிட்டும் 2025-ல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கண்டுபிடித்தவருக்கே இந்த நிலைமைதான். சி.டி. ஸ்கேனரை உருவாக்கியது பிரிட்டனின் இ.எம்.ஐ. நிறுவனம். அதன் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-ல் நோபல் பரிசு. அதே காலகட்டத்தில் நிறுவனம் அந்தத் தொழிலை விட்டே வெளியேறியது. மருத்துவமனைகளோடு பழக்கமும், விற்பனை ஆட்களும், பழுது பார்க்கும் வலையமைப்பும் ஏற்கெனவே வைத்திருந்த ஜெனரல் எலக்ட்ரிக் போன்றவர்கள் சந்தையை எடுத்துக்கொண்டார்கள். புத்தாக்கத்தின் லாபம் யாருக்குப் போகிறது என்று பொருளாதார அறிஞர் டேவிட் டீஸ் 1986-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பாடப்புத்தக உதாரணமாகிவிட்டது. கருவியைச் சுற்றி இருப்பதுதான் காசை யார் பக்கம் தள்ளுவது என்று தீர்மானிக்கிறது.

உங்களைச் சுற்றி என்ன இருக்கிறது? உங்கள் வாடிக்கையாளர்களின் கிடங்கு. பெட்டியின் வாசகமோ எடையோ மாறினால், விலை குறைகிறதே என்று மொத்தமாக அடித்து வைத்த பழைய சரக்கு அப்படியே குப்பைக்குப் போகும். அது அவர்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று அவர்களே பெரும்பாலும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். 'தேவைப்படும்போது தேவையான அளவு, மூன்றாம் நாள் உங்கள் வாசலில்' என்று விற்க உங்களால் முடியும். ஒரு பெட்டிக்கான விலை கூடத்தான் செய்யும். ஆனால் கிடங்கு வாடகையும் வீணாகும் சரக்கும் குறைவதைக் காட்டிப் பேசினால் பேரம் வேறு மாதிரி நடக்கும். போட்டியாளர் இதைக் காப்பியடிக்க இயந்திரம் மட்டும் போதாது. வேகமான கொட்டேஷன், யாருக்கு எப்போது சரக்கு தீரும் என்ற பதிவு, அதை நம்பும் வாடிக்கையாளர் என்று எல்லாமே வேண்டும்.

மொத்தத் தொழிலையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டுச் சோளம் பரவியதை ஆராய்ந்து சமூகவியலாளர்கள் ரயனும் கிராஸும் 1943-ல் வெளியிட்ட ஆய்வில், கடைசியில் கிட்டத்தட்ட எல்லா விவசாயிகளுமே அந்த விதைக்கு மாறியிருந்தார்கள். ஆனாலும் பெரும்பாலோர் முதலில் நிலத்தின் ஒரு சிறு பகுதியில் மட்டும் விதைத்துப் பார்த்தவர்கள்தான். நீங்களும் அடிக்கடி வடிவமைப்பு மாற்றும் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தனி விலைப்பட்டியல், குறைந்தபட்ச ஆர்டர் கிடையாது. மொத்த லாபத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதில் இது தெரியாது. அந்த இயந்திரம் ஓடிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தாள், மை செலவு போக எவ்வளவு நின்றது என்று தனியாக எழுதுங்கள்.

அடுத்த பணம் எங்கே என்று கேட்டீர்கள். இப்போதைக்கு எங்கேயும் வேண்டாம். ஒரு சின்ன ஆர்டரை, விசாரணை வந்த நேரம் முதல் பணம் கைக்கு வந்த நேரம் வரை கடிகாரத்தோடு பின்தொடருங்கள். சின்ன வேலைகள் பெருகும்போது நெரிசல் பெரும்பாலும் அச்சில் இருக்காது, அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டும் டை கட்டிங்கிலும் ஒட்டும் மேசையிலும்தான் இருக்கும். ஒவ்வொரு சின்ன வேலைக்கும் டை, அதாவது வெட்டும் அச்சு, செய்ய வேண்டியிருந்தால், பிளேட்டில் மிச்சம் பிடித்ததை அங்கே விட்டுவிடுவீர்கள். டை இல்லாமல் வெட்டும் இயந்திரம் இருக்கிறது. அதையும் உடனே வாங்கிவிட வேண்டாம். சில மாதம் வெளியே கொடுத்து வெட்டி, எத்தனை மணி நேர வேலை சேர்கிறது என்று பாருங்கள்.