விசா: சீட்டா, இசைவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்களுடைய பயணக் கட்டுரையில் தொடக்கம் முதல் முடிவு வரை ‘விசா’ என்றே எழுதியிருக்கிறீர்கள். நான் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவள். ஒரு விண்ணப்பப் படிவத்தில் ‘நுழைவுச்சீட்டு’ என்று எழுதினேன். மெய்ப்புத் திருத்துபவர் அதை ‘நுழைவு அனுமதி’ என்று மாற்றினார். இன்னொருவர் ‘நுழைவிசைவு’தான் சரி என்கிறார். எது பொருத்தம்? தமிழில் மூன்று சொற்கள் இருக்கும்போது தாங்கள் பிறமொழிச் சொல்லையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

அன்புடன்,
வாசகி ஒருவர்

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் நுழைவிசைவை எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவு, இசைவு என்ற இரண்டும் சேர்ந்த சொல் அது. ‘வு’வில் இருப்பது முழுதாக ஒலிக்கும் உகரமான முற்றியலுகரம் ஆயிற்றே, அடுத்த சொல் சேரும்போது அது எப்படிக் கெடும் என்று இலக்கணம் படித்தவர்கள் கேட்கக்கூடும், குறுகி ஒலிக்கும் குற்றியலுகரம் கெடுவதைச் சொன்ன கையோடு ‘முற்றும் அற்று ஒரோவழி’ (முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படியே) என்று நன்னூலே அதற்கும் இடம் கொடுத்திருக்கிறது. கதவு, அழகு இரண்டும் சேர்ந்து கதவழகு ஆவதைப் போலத்தான் இதுவும். வேகமாகப் படிக்கும்போது நடுவிலுள்ள ‘விசை’ கண்ணில் பட்டு ஒரு கணம் தடுமாற வைக்கிறது என்பது ஒன்றே அதில் எனக்குள்ள குறை.

நுழைவுச்சீட்டு என்பதை விட்டுவிடுங்கள். பொருட்காட்சிக்கும் தேர்வுக்கூடத்துக்கும் உரிய சொல் அது; கையில் சீட்டு இருப்பவரை வாசலில் நிற்பவர் உள்ளே விட்டாக வேண்டும். விசா அப்படிப்பட்டதன்று. தூதரகம் விசா கொடுத்த பிறகும், விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி கேள்வி கேட்கலாம், திருப்பியும் அனுப்பலாம். விசா வைத்திருப்பதனால் மட்டுமே நுழையும் உரிமை தானாக வந்துவிடாது என்று ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் விதிகளில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். நுழைவு அனுமதி என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. எல்லையில் அதிகாரி முத்திரையிட்டுக் கொடுப்பதுதான் உண்மையில் அனுமதி. விசாவுக்கும் அந்தச் சொல்லையே செலவழித்துவிட்டால், இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வருகிற ஒரு படிவத்தை நீங்கள் எப்படி மொழிபெயர்ப்பீர்கள்?

இனி, நான் ஏன் விசாவை விடவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தச் சொல்லில் நுழைவு என்ற பொருளே கிடையாது. ‘பார்க்கப்பட்டது’ என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது அது. கடவுச்சீட்டை அதிகாரி ஒருவர் பார்வையிட்டார் என்பதற்கான குறிப்பு, அவ்வளவே. கோப்பின் ஓரத்தில் மேலதிகாரி ‘பார்த்தேன்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் இடுவதற்கு நெருங்கிய உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் நுழைவதற்குச் சம்பந்தமில்லாத இடங்களிலும் அச்சொல் சங்கடமின்றிப் புழங்குகிறது. சோவியத் ஒன்றியத்தின் குடிமக்கள் தங்கள் நாட்டைவிட்டு வெளியே போகவே விசா வாங்க வேண்டியிருந்தது. விமான நிலையத்தின் பன்னாட்டுப் பகுதியைத் தாண்டாமல், விமானம் மட்டும் மாறிச் செல்பவருக்கும் சில நாடுகள் ஒருவகை விசா கேட்கின்றன. அந்த நாட்டுக்குள் நுழையாமலே போகிறவரிடம் இருப்பதை நுழைவிசைவு என்று எப்படி அழைப்பது? இத்தகைய இடங்களில் வெளியேறல் இசைவு, கடப்பிசைவு என்று முன்னொட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. இசைவு நிலையாக நிற்கட்டும்.

பேச்சில் இந்தச் சொல் போயிருக்கும் தூரமோ வேறு. வளைகுடாவுக்குப் போகிற குடும்பங்களில் ‘அவனுக்கு விசா வந்துவிட்டது’ என்றால் வேலை கிடைத்துவிட்டது என்றுதான் பொருள். ‘ஃப்ரீ விசா’ என்று ஒன்றைச் சொல்வார்கள். அது இலவசமும் அன்று, அப்படி ஒரு வகை எந்த அரசின் பட்டியலிலும் இல்லை. பெயரளவுக்கு ஒரு முதலாளியின் கீழ் விசா பெற்று, வேறிடத்தில் வேலை தேடிக்கொள்ளும் ஏற்பாடு அது. அதற்காகத் தரகரிடம் பெரிய தொகை கொடுத்தவர்களும், பிடிபட்டுத் திரும்பியவர்களும் உண்டு. இந்தப் பொருளை நுழைவிசைவு என்று எழுதிக் காட்ட முடியாது. என் கட்டுரை அத்தகைய மனிதர்களைப் பற்றியது என்பதால், அவர்கள் வாயில் வரும் சொல்லையே எழுதினேன்.

உங்கள் படிவத்தைப் பொறுத்தவரை, தலைப்புச் சொல்லைவிட உள்ளே இருக்கும் இரண்டு வரிகள்தான் முக்கியமானவை. ஷெங்கன் விசாவில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்பது ஓரிடத்திலும், எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறோர் இடத்திலும் இருக்கும். முதலாவதைச் செல்லுபடிக் காலம் என்றும், இரண்டாவதைத் தங்கும் காலம் என்றும் பிரித்து எழுதுங்கள். இரண்டையும் ‘விசா காலம்’ என்று எழுதிவிட்டால், ஆறு மாதம் செல்லும் விசாவில் பதினைந்து நாள் மட்டும் தங்க இசைவு பெற்றவர் ஆறு மாதமும் தங்கலாம் என்று நம்பிவிடுவார். அமெரிக்காவிலோ நிலைமை தலைகீழ்: விசாவின் தேதி முடிந்தாலும், நுழையும்போது பதிந்து தரப்பட்ட நாள் வரை ஒருவர் தங்கலாம். ஆகவே ‘விசா காலாவதியானால் வெளியேற வேண்டும்’ என்ற வாக்கியத்தை எல்லா நாட்டுக்கும் பொதுவாக எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் படிவம் இலங்கை வாசகர்களுக்கானது என்றால், அடைப்புக்குறிக்குள் ‘வீசா’ என்று நெடிலிட்டு எழுதுங்கள். அங்கே அதுவே வழக்கு.

அன்புடன்,
ஆசிரியர்